ஐயாறு விழும் இடம்

நாள் 1: நாமக்கல் – செம்மேடு

துறையூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் நீச்சல் பழகுவது கிணற்றில், கும்மாளம் போடுவது புளியஞ்சோலையில். முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டு உப்பிலியபுரம் வழியாகப் பேருந்து ஏறிவிடுவோம். கொல்லிமலை அடிவாரத்தில், யானைக் கூட்டம் படுத்துக் கிடப்பது போன்ற பாறைகளுக்கு நடுவே ஐயாறு ஓடிவரும். விரல் நுனி வெளுத்துச் சுருங்கும்வரை அதில் கிடப்போம். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பெரியவர்கள் அண்ணாந்து மலையைக் காட்டி "ஆகாய கங்கைலேருந்து" என்பார்கள். வானத்திலிருந்துதான் நேராக ஊற்றுகிறது என்று ஐந்தாம் வகுப்புவரை நம்பியிருந்தேன்.

இப்போது வயது நாற்பத்தைந்து. அந்த ஆகாய கங்கை அருவியை இன்னும் பார்த்ததில்லை. குற்றாலத்துக்கு ஏழெட்டுத் தடவை போயாயிற்று, ஒகேனக்கலுக்கு மூன்று தடவை. சொந்த மலை என்றால் அப்படித்தான், இது எங்கே ஓடிவிடப் போகிறது என்று இருந்துவிடுகிறோம்.

சித்தப்பாவிடம் பேச்சுவாக்கில் சொன்னதுதான் தாமதம், "எப்போ போறோம்?" என்று கேட்டுவிட்டார். அவருக்கு அறுபத்தெட்டு. முப்பது வருடம் பேருந்தில் நடத்துநராக நின்றே காலம் கழித்தவர்.

"ஆயிரம் படிக்கு மேல எறங்கி ஏறணும் சித்தப்பா."

"நான் புளியஞ்சோலைலேருந்து நடந்தே மேல போனவன்டா. நீ உன் முட்டியப் பாத்துக்க."

கதையல்ல. ஆடிப் பதினெட்டுக்கு அடிவாரத்துக்காரர்கள் காட்டு வழியாக ஏறி, மலைமேல் இருக்கும் அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு வருவது உண்டு. சித்தப்பாவும் கல்யாணத்துக்கு முன்னால் நான்கு வருடம் தொடர்ந்து ஏறியிருக்கிறார். அந்த வழியிலேயே போகலாம் என்றுதான் அவருக்கு ஆசை. ஆனால் நினைத்தவுடன் காட்டுக்குள் இறங்கிவிட முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும். எனவே நல்ல பிள்ளைகளாக நாமக்கல் வந்து, மலைமேல் இருக்கும் செம்மேட்டுக்குப் பேருந்து ஏறினோம்.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. காரவள்ளியில் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் சாலை எழுந்து நிற்கிறது. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. மலைக்குப் போகும் பேருந்து நீளம் குறைவானது. அப்படியும் சில வளைவுகளில் பின்பக்கம் வெளியே தொங்குகிறதோ என்று தோன்றுகிறது. பத்தாவது வளைவில் எங்களுக்கு முன் இருக்கைப் பெண்குழந்தை எலுமிச்சம்பழத்தை முகர ஆரம்பித்தது. இருபத்திரண்டில் பழம் தோற்றது. சித்தப்பா தன் பையிலிருந்து காகிதப் பை ஒன்றை எடுத்து நீட்டினார். தயாராக வைத்திருந்திருக்கிறார். ஓய்வு பெற்றாலும் தொழில் புத்தி போகவில்லை.

நாற்பதுக்கு மேல் காற்று மாறியது. கீழே முள்ளும் கருவேலமுமாக இருந்த காடு மெல்லப் பச்சை கூடி, சில்வர் ஓக் மரங்களும் அவற்றைச் சுற்றிக்கொண்ட மிளகுக் கொடிகளுமாக ஆனது. அடியில் காப்பிச் செடி. கார்த்திகைக் கடைசி என்பதால் காய்கள் கொத்துக் கொத்தாகச் சிவக்கத் தொடங்கியிருந்தன. எழுபதாவது பலகை வந்ததும் பேருந்தில் ரெண்டு பேர் கைதட்டினார்கள்.

இந்த மலைமேல் ஊராட்சிகளுக்கு எல்லாம் நாடு என்று பெயர். வாழவந்தி நாடு, திண்ணனூர் நாடு, குண்டூர் நாடு, தேவனூர் நாடு, இப்படி 14. "ஒரே டிக்கெட்ல பதினாலு நாடு பாத்துடலாம்" என்றார் சித்தப்பா.

செம்மேட்டில் இறங்கியபோது தூறல். வல்வில் ஓரி வில்லோடு குதிரைமேல் நனைந்துகொண்டிருந்தார். கடையெழு வள்ளல்களில் ஒருவர். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, கடைசியில் புற்றிலிருந்த உடும்புவரை ஐந்தையும் துளைத்தவர் என்று புலவர் பாடியிருக்கிறார். வேட்டையைவிட எனக்குப் பிடித்தது அந்த உடும்புதான். நான்கோடு நிறுத்தியிருந்தால் நம்பியிருப்போம்.

விடுதி அறை பரவாயில்லை. வெந்நீர் உண்டு என்றார்கள். குழாயைத் திறந்தால் உறுமல் வருகிறது, வெந்நீர் வரவில்லை. எதிர்க்கடையில் காப்பி கேட்டேன். மலை முழுக்கக் காப்பிச் செடி, கையில் கிடைத்ததோ பொட்டலத் தூள் காப்பி. நாளைக் காலை ஆகாய கங்கை. மழை மட்டும் விட வேண்டும்.

நாள் 2: மூடிய வாசல்

விடவில்லை. ராத்திரி முழுக்கத் தகரக் கூரையில் பேய் ஆட்டம்.

காலையில் ஆட்டோ பேசினோம். ஓட்டுநர் இந்த மலைக்காரர். நான் தண்ணீர் போத்தலையும் துண்டையும் எடுத்துக்கொண்டு வருவதைப் பார்த்துச் சிரித்தார். "கங்கைக்கா? இன்னிக்கு விட மாட்டாங்கண்ணே. தண்ணி கூடிப்போச்சு." நீர்வரத்து அதிகமானால் வனத்துறை படிக்கட்டு வாசலைப் பூட்டிவிடும். சரி, பக்கத்தில் இருக்கும் சின்ன அருவிகளைப் பார்க்கலாம் என்று கிளம்பினோம்.

மாசிலா அருவிக்குப் போகும் வழி சௌகரியமானது. படிகள், கைப்பிடி, உடை மாற்றும் அறை எல்லாம் உண்டு. அருவியும் நல்ல குணம் படைத்தது. உயரத்திலிருந்து தலையில் அறையாமல், அடுக்கடுக்கான பாறைமேல் சரிந்து இறங்குகிறது. குழந்தைகளையும் வயதானவர்களையும் நம்பி உட்கார வைக்கலாம். இன்றைக்கு மட்டும் தண்ணீர் செம்மண் கலந்து தேநீர் நிறத்தில் வந்தது. நான் ஓரமாக நின்று காலை நனைத்தேன். ஐயப்ப மாலை போட்ட சாமிகள் பத்துப் பேர் கறுப்பு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். தண்ணீரின் குளிர் அவர்களுடைய சரண கோஷத்தில் தெரிந்தது.

நம்ம அருவிக்குப் போகும் பாதைதான் எனக்கு அருவியைவிடப் பிடித்திருந்தது. காப்பித் தோட்டத்துக்கு நடுவே இறங்கும் மண்பாதை. மழைக்கு வழுக்குகிறது. மிளகு இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது, பறிப்பு தொடங்கவில்லை. ஆனாலும் ஒரு தோட்டத்து ஓரத்தில் ஏணியைத் தயாராகச் சாத்தி வைத்திருந்தார்கள். ஏணி என்றால் இரண்டு கால் கிடையாது. ஒற்றை மூங்கில், அதில் கிளைக் கணுக்களை ஒரு சாண் விட்டு நறுக்கியிருப்பார்கள், அதுதான் படி. இதை நாற்பதடி மரத்தில் சாய்த்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏறுவார்களாம். நான் முதல் கணுவில் கால் வைத்துப் பார்த்தேன். மூங்கில் தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றியது. இறங்கிவிட்டேன்.

அருவி சின்னது. இரண்டு ஆள் உயரம், மூன்று ஆள் உயரம் இருக்கும். யாருமே இல்லை. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சித்தப்பா பேசாமல் இருந்ததிலேயே இதுதான் நீளமான நேரம்.

ஆட்டோக்காரர் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். இங்கே பெரும்பாலானவர்கள் மலையாளிப் பழங்குடிகள். கேரளாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, மலையை ஆள்கிறவர்கள் என்று அவர்களே பொருள் சொல்கிறார்கள். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேரில் ஒருவர் இந்த மலையிலும் மற்ற இருவர் வேறு மலைகளிலுமாகத் தங்கிவிட்டார்கள் என்பது தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. "அப்ப நானும் கீழ்நாட்டு ஆளுதாண்ணே" என்றார்.

அவருடைய அப்பா காலத்தில் சரிவெல்லாம் சாமையும் தினையும் கேழ்வரகும்தானாம். அப்புறம் கீழே ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு கேட்டார்கள், காசு வந்தது, சாமை போனது. "சாமை வெதச்சா குத்திப் பொடைக்கவே பொம்பளைங்களுக்குப் பாதி நாள் போயிரும். யாரு செய்வா?" எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இந்த மலையில் சிறுதானியங்களைக் காப்பாற்ற வேலை செய்துவருகிறது. உமி நீக்க ஊருக்கு ஊர் இயந்திரம் வைத்ததும் அதில் ஒரு பகுதி. உலக்கைதான் சாமையை ஓட்டியது என்றால் திரும்ப அழைத்துவர இயந்திரம் வேண்டும்தானே. சோளக்காட்டுக் கடையில் ரெண்டு கிலோ சாமை வாங்கினேன். விலை பொன்னி அரிசியைவிட அதிகம். காலம்.

சீக்குப்பாறை காட்சிமுனைக்கும் போனோம். மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "நல்லா தெரியுது" என்று ஒரு புதுமாப்பிள்ளை மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாலை நாலு மணிக்கு மழை நின்றது. இப்போது இரவு ஒன்பது, வானத்தில் நட்சத்திரம் தெரிகிறது. சித்தப்பா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். கேட்டால் கொசுவுக்கு என்கிறார்.

நாள் 3: ஆகாய கங்கை

செம்மேட்டிலிருந்து, கோயிலும் அருவியும் இருக்கும் கோவிலூருக்கு ஏழு மணிக்கே ஆட்டோ. மழை கழுவிவிட்ட காலை வெளிச்சம். வழியில் இறக்கத்தில் நெல் வயல்கள், படி படியாக. வரப்பு ஓரம் ஒரு ஓடை. அதில் வாத்துகள். கணுக்கால் அளவுதான் தண்ணீர்.

"இதுதாண்ணே ஐயாறு" என்றார் ஓட்டுநர்.

வண்டியை நிறுத்தச் சொன்னேன். இதுவா? நான் நாற்பது வருடமாக அண்ணாந்து பார்த்த ஆறு, வாத்து மேயும் வாய்க்காலா? ஐந்து ஓடைகள் சேர்வதால் ஐயாறு என்கிறார்கள். இன்னும் ரெண்டு சேர்ந்தபின் அகலமாகும் என்று அவர் சமாதானம் சொன்னார். இந்த ஓடைகளைத் தடுத்து 20 மெகாவாட் நீர்மின் நிலையம் ஒன்று கட்டும் திட்டமும் இருக்கிறது. அது வந்தால் அருவிக்கு என்ன மிஞ்சும் என்று மலையில் பேச்சு உண்டு. அவரும் அதைச் சொன்னார், அப்புறம் "வேலை கெடைக்கும்னும் சொல்றாங்க" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அறப்பளீஸ்வரர் கோயில் சின்னது, அடக்கமானது. தேவாரத்தில் பெயர் வரும் பழைய தலம். ஏர் உழும்போது கொழு பட்டு ரத்தம் கசிந்த லிங்கம் என்பது கதை. உச்சியில் அந்தத் தழும்பு இருக்கிறது என்று குருக்கள் தீபத்தைத் தூக்கிக் காட்டினார். தாயார் அறம்வளர்த்த நாயகி. சித்தப்பா கண்ணை மூடி நின்றார். கடைசியாக அவர் இங்கே வந்தது நடந்து. அன்றைக்குச் சேர்ந்து வந்த நான்கு பேரில் இப்போது இருப்பது இவர் ஒருவர்தான். அதை அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

கோயிலை ஒட்டியே ஆறு. ஓட்டுநர் சொன்னது சரி, இங்கே அகலமாகிவிட்டது. மீன்களைப் பிடிக்க மாட்டார்கள், சாமி மீன். அறுத்துச் சட்டியில் போட்ட மீன் உயிரோடு துள்ளி ஆற்றில் குதித்ததாக ஒரு கதை இருக்கிறது. பொரி வாங்கிப் போட்டோம். தண்ணீர் கொதிப்பது போல் ஆனது. கையளவு மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வாயை வெளியே நீட்டி, பொரி விழும் முன்பே பிடித்துவிடுகின்றன. சித்தப்பா ஒரு பொட்டலம் பொரியையும் பயணிக்கு ஒரு டிக்கெட் கிழிப்பதுபோல் ஒவ்வொன்றாகப் போட்டார்.

படிக்கட்டு வாசலில் பையைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள். பிளாஸ்டிக் எதுவும் உள்ளே போகக் கூடாது. எங்களிடம் ஒன்றுமில்லை. அல்லது அப்படி நினைத்துக்கொண்டோம்.

ஆயிரம் படிக்கு மேல். துல்லியமாக எத்தனை என்பதற்கு ஆளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். "நான் எண்ணிச் சொல்றேன், அது என்னா பெரிய விசயம்" என்று சித்தப்பா உதட்டை அசைத்துக்கொண்டே இறங்கினார். படிகள் ஒரே அளவாக இல்லை. ஒன்று அரை அடி, அடுத்தது ஒன்றரை அடி. மழைக்குப் பாசி பிடித்து மின்னுகின்றன. காட்டுக்குள் நுழைந்ததும் வெயில் அணைந்துவிட்டது. மரங்கள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு நிற்கின்றன. ஈரமான இலை வாசம். எங்கோ கீழே ஒரு சத்தம். முதலில் காற்று என்று நினைத்தேன். நூறு படி இறங்கியபின் பேருந்து நிலைய இரைச்சல் போல் கேட்டது. இன்னும் கொஞ்சம் இறங்கினால், இரைச்சல் காதுக்குள் இல்லை, நெஞ்சுக்குள் இருக்கிறது.

612-வது படியில் குரங்கு வந்தது. சித்தப்பாவின் கையிலிருந்த வாழைப்பழச் சீப்பை, கேட்டு வாங்குவது போல நிதானமாக வாங்கிக்கொண்டு கைப்பிடிக் கம்பிமேல் ஏறி உட்கார்ந்தது. அவர் திட்டிய திட்டில் கணக்கு விட்டுப்போயிற்று. "அறுநூத்திப் பன்னண்டா, இருவத்தி ரெண்டா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? எனவே ஆகாய கங்கைக்கு எத்தனை படி என்பதை இந்தப் பயணமும் தீர்த்து வைக்கவில்லை.

அப்புறம் ஒரு திருப்பத்தில், மரங்களுக்கு நடுவே, அது.

உயரம் 300 அடி என்கிறார்கள். எனக்கு அடிக்கணக்கு ஏறவில்லை. மூன்று பக்கமும் பாறைச் சுவர், குடத்துக்குள் நிற்பது போன்ற இடம். மேலே விளிம்பில் வானம் மட்டும் தெரிகிறது, அங்கிருந்து தண்ணீர் புறப்படுகிறது. மலை தெரியாது, ஆறு தெரியாது, வாத்து தெரியாது. வானத்திலிருந்துதான் ஊற்றுகிறது. ஐந்தாம் வகுப்பில் நான் நம்பியது ஒன்றும் முட்டாள்தனம் இல்லை.

முதலில் ஒரே கட்டியாக வெளியே பாய்கிறது. பாதி வழியில் உடைந்து, வெள்ளைத் துணியை உதறினாற்போல் விரிகிறது. அதற்குக் கீழே அது தண்ணீரே இல்லை, புகை. ஐம்பதடி தள்ளி நின்றாலும் சட்டை நனைந்துவிட்டது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அலுத்துக் கழற்றிப் பைக்குள் போட்டேன். பேச்சு கேட்காது. சித்தப்பா ஏதோ சொன்னார், நான் தலையாட்டினேன். நான் ஏதோ சொன்னேன், அவரும் ஆட்டினார்.

நேற்றைவிட நீர் குறைந்திருந்தாலும் அருவிக்கு நேர் அடியில் போக விடவில்லை. கயிறு கட்டி ஓரத்தில் நிற்க இடம் ஒதுக்கியிருந்தார்கள். அதுவே போதும். சாரல் மாதிரி என்று நினைத்துத் தலையை நீட்டினால், சரளைக் கல்லை வாரி எறிந்தது மாதிரி இருக்கிறது. மூச்சு முட்டுகிறது. மூலிகை கலந்த தண்ணீர், சகல நோயும் தீரும் என்று மேலே பலகைக் கடைக்காரர் சொன்னார். எனக்குத் தெரிந்து தீர்ந்தது தூக்கம். பக்கத்தில் நடுத்தர வயது ஆள் ஒருவர் சாரலில் நின்று வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார், அல்லது சிரித்துக்கொண்டிருந்தார். அந்த ஈரத்தில் வித்தியாசம் தெரியாது.

இந்தக் காட்டுக்குள் கோரக்கர் குகை, காலாங்கிநாதர் குகை எல்லாம் இருக்கின்றன. சித்தர்கள் மலை என்று பெயர். நாங்கள் போகவில்லை. சித்தப்பா ஒரு பாறைமேல் உட்கார்ந்து ஓடை போகும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அருவி விழுந்து, குட்டையில் சுழன்று, பாறை இடுக்கு வழியாகக் கிழக்கே காட்டுக்குள் நுழைந்து மறைகிறது. கிட்டப் போய்க் குனிந்தேன்.

"இப்படியே போனா புளியஞ்சோலைடா. இந்தப் பக்கமாத்தான் ஏறி வந்தோம். விடியறதுக்குள்ள மேல வந்துடுவோம். கையில ஒரே ஒரு பெட்ரோமாக்ஸ்."

"அவ்வளவு பக்கமா சித்தப்பா?"

"தண்ணிக்குப் பக்கம்."

இந்த நேரத்தில்தான் என் செருப்பு போனது. ஒரு பாறையிலிருந்து மற்றொன்றுக்குத் தாண்டினேன், இடது கால் வழுக்கித் தண்ணீருக்குள் இறங்கியது, கால் வந்தது, செருப்பு வரவில்லை. நீலப் பட்டை போட்ட ரப்பர் செருப்பு. சுழியில் ரெண்டு சுற்று சுற்றியது, நான் கை நீட்டியதும் போய் வருகிறேன் என்பது போல் மூக்கைத் தூக்கி, இடுக்கில் புகுந்து போய்விட்டது.

சித்தப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது. வாசலில் பையைத் திறந்து பிளாஸ்டிக் இல்லை என்று காட்டிவிட்டு வந்தவன், காலில் போட்டிருந்ததை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டேன்.

"கவலப்படாத. நாளைக்கு நாம போறதுக்குள்ள அது புளியஞ்சோலை போயிரும்" என்றார்.

ஏறிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நினைக்கவே கால் நடுங்குகிறது. வலது காலில் செருப்பு, இடது கால் வெறுங்கால் என்று ஐம்பது படி. நொண்டி நொண்டி இடுப்பு பிடித்துக்கொண்டது. மீதிச் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு ஏறினேன். இருபது படிக்கு ஒரு தடவை நின்றேன், அப்புறம் பத்துப் படிக்கு ஒரு தடவை. எதிரே இறங்கி வருகிறவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "இன்னும் எவ்வளவு தூரம்ணா?" நானும் எல்லோருக்கும் ஒரே பொய்யைச் சொன்னேன்: "இதோ, கிட்டத்தான்." சித்தப்பா எனக்கு முன்னால் பத்துப் படி மேலேயே போய்க்கொண்டிருந்தார். ஒருமுறைகூட உட்காரவில்லை. மேலே வந்தபின் அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை என்பது வேறு.

மேலே முடவாட்டுக்கால் சூப் விற்கிறார்கள். பெயரைக் கேட்டு ஆட்டுக்கால் என்று நினைத்து ஐயப்ப சாமிகள் ஒதுங்கிப் போனார்கள். பாவம், அது சுத்த சைவம். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணி ஒன்றின் கிழங்கு. கடைக்கார அக்காவிடம் கேட்டு ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். விரல் கனத்தில் முண்டும் முடிச்சுமாக, மேலே பழுப்பு நிறத்தில் மொசுமொசுவென்று மயிர். ஆட்டுக் குட்டியின் காலைப் பிடித்த மாதிரியே இருக்கிறது. அக்கா கத்தியால் மயிரோடு தோலைச் சுரண்டினார். உள்ளே வெளிர் பச்சை, இளசான புடலங்காய் நிறம். நறுக்கி, அம்மியில் மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு வைத்து நசுக்கிக் கொதிக்கும் பானையில் போட்டார். குடித்தால் தொண்டையில் மிளகு இறங்குவது தெரிகிறது. கிழங்குக்கு என்று தனி ருசி இருக்கிறதா என்று கேட்டால், மண் வாசம் லேசாக, அவ்வளவுதான்.

"முட்டி வலி ஓடியே போயிரும்ணா" என்றார் அக்கா.

சித்தப்பா ரெண்டு டம்ளர் குடித்தார். இரவு பதினொரு மணிக்கு இதை எழுதுகிறேன். மறுபடி தைலம் தேய்க்கும் சத்தம் கேட்கிறது. செம்மேட்டில் புதுச் செருப்பு வாங்கிவிட்டேன். பழைய ஒற்றையைத் தூக்கிப் போட மனமில்லை.

நாள் 4: புளியஞ்சோலை

அருவிக்கு அடியிலிருந்து தண்ணீர் சில மணி நேரத்தில் போய்ச் சேரும் இடத்துக்கு நாங்கள் போக ஒரு பகல் ஆயிற்று. 70 வளைவு இறங்கி நாமக்கல், அங்கிருந்து துறையூர், துறையூரில் வீட்டுக்குப் போகாமல் அப்படியே உப்பிலியபுரம் வழியாகப் புளியஞ்சோலை. மலையை ஒரு சுற்று சுற்றி வந்தாயிற்று, நூறு கிலோமீட்டருக்கு மேல்.

"வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வரலாமே" என்றேன். சித்தப்பா கேட்கவில்லை.

நாலரை மணிக்குச் சேர்ந்தோம். வார நாள், கூட்டம் இல்லை. நாட்டாமடுப் பக்கம் போகாதீர்கள் என்று எச்சரிக்கைப் பலகை. ஆழமான மடு அது, ஆள் விழுங்கி. சின்ன வயதில் அம்மா அந்தப் பெயரைச் சொல்லியே எங்களைக் கரையேற்றுவார். மற்றபடி எதுவும் மாறவில்லை. அதே பாறைகள், கொஞ்சம் சின்னதாகிவிட்டன. அதே தண்ணீர், முழங்கால் அளவு, கூழாங்கல் தெரிகிற தெளிவு. நேற்று நெஞ்சுக்குள் இரைந்தது இங்கே கல்லுக்குக் கல் முணுமுணுத்துக்கொண்டு போகிறது. இங்கிருந்து வயல்களைத் தாண்டிக் காவிரிக்குப் போகும்.

அண்ணாந்து பார்த்தேன். மலை மடிப்பில் மேகம். அருவி இங்கிருந்து தெரியாது, எப்போதும் தெரிந்ததில்லை. ஆனால் அது எந்த மடிப்புக்குள் இருக்கிறது என்று இப்போது கை காட்ட முடியும்.

சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு பாறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீருக்குள் விட்டார். பொடி மீன்கள் வந்து அவருடைய குதிகாலைக் கொத்தின. சட்டைப் பையில் துழாவி, நேற்றைய பொரியில் மிச்சம் ஒரு பிடி எடுத்துப் போட்டார்.

"மேல இருக்கறதோட பங்காளிங்க" என்றார்.

நான் கரையோரமாகக் கொஞ்ச தூரம் மேலே நடந்தேன். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆறு வளைகிற இடத்தில் இரண்டு பாறைக்கு நடுவே வெள்ளம் கொண்டுவந்த குப்பை சிக்கியிருந்தது. மூங்கில் சருகு, வாழை மட்டை, ஒரு தேங்காய் மூடி, தண்ணீர் போத்தல்கள். அவற்றுக்கு நடுவே செருப்புகள். ஒன்றல்ல, ஏழு. எல்லாம் ஒற்றை. ஒரு குழந்தையுடையதுகூட இருந்தது.

குச்சியால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். நீலப் பட்டை எதிலும் இல்லை. ஏழையும் போத்தல்களையும் வெளியே இழுத்து, கையில் அள்ளிக்கொண்டு திரும்பினேன்.

சித்தப்பா குவியலைப் பார்த்தார், என் பையிலிருந்து எட்டிப் பார்த்த வலது செருப்பைப் பார்த்தார்.

"எடது கால்ல ஒன்பதாம் நம்பர் ஏதாச்சும் இருக்கா பாரு" என்றார்.

ஒன்று இருந்தது. மஞ்சள்.